பெருந்தோட்டச் சிறுமியரும் சம்மத வயதுச் சட்டமும்

ஒரு பெண்ணின் சம்மதம் எவ்வயதிலிருந்து சட்டத்தின் முன் செல்லும் என்ற வினாவுக்கு, 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 12 என்று விடை பகர்ந்தது. 12 வயதுக்குட்பட்டவளோடு கூடியவன், அவள் இசைந்தாள் என்று கூறி வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. அதே சட்டக்கோவை, 16 வயதுக்குட்பட்ட பெண்ணைப் பாதுகாவலரின் இசைவின்றிக் கொண்டுசெல்வதையும் குற்றமாக்கியது. தந்தையின் உரிமைக்கு 16 வரை காவல். மகளின் உடலுக்கோ 12 வரையே! இங்கிலாந்து 1885இல் சம்மத வயதை 16 ஆக உயர்த்தியது. இந்தியாவில் அது 1891இல் 10இலிருந்து 12 ஆயிற்று. இலங்கையிலோ 12 என்ற எல்லை 1995 வரை நிலைத்தது.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பெண்ணின் மணவயதை 12 என்றே வகுத்தது. ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோரின் புதல்வியருக்கு மட்டும் அது 14. கண்டியச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி விவாகச் சட்டங்கள் இருந்தன. ஹட்டன், நுவரெலியா லயங்களில் வாழ்ந்த தமிழர் இப்பொதுச் சட்டத்துக்கே உட்பட்டனர்.

எனினும் மலையகத்தில் சட்டம் கூறும் வயதைவிட, வயதை மெய்ப்பிக்கும் பத்திரமே பெரிய சிக்கலாயிற்று எனலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டபோது இம்மக்களை வருத்திய பத்திரப் பஞ்சம், குற்றவியல் மன்றிலும் அவர்தம் சிறுமியரைக் கைவிடக்கூடியதாயிற்று. வயதை ஐயத்துக்கிடமின்றி நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாவிடின் பல்லையும் எலும்பையும் நோக்கி வைத்தியர் கூறும் மதிப்பீடே எஞ்சும். அது ஓரிரு ஆண்டு முன்பின்னாக அமையக்கூடியது. அந்த ஐயத்தின் பயன் எதிரிக்கே சேரும். எவ்வகை எதிர்வாதத்தையும்விட வலிய எதிர்வாதம் இதுவே.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எல்லையை 16 ஆக்கியது. ஆயினும் 12 வயதுக்கு மேற்பட்ட மனைவியைப் பொறுத்தவரை கணவனுக்கு அது விலக்களித்தது. அதே ஆண்டில் பொதுச் சட்டத்தின் மணவயது இருபாலார்க்கும் 18 ஆனதால், மலையகத் தமிழர் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்க வழியில்லை. “கட்டிவைத்துவிட்டால் வழக்கில்லை” என்று தோட்டத்துப் பெரியோரும் தலைவரும் செய்யும் சமரசத்துக்குச் சட்டத்தில் மதிப்பு யாதுமில்லை. 18 நிரம்பாதவளின் விவாகமே செல்லாதது.

ஆனால் 15 வயதுக் காதலியைக் கூட்டிக்கொண்டு போன 17 வயது இளைஞனும், அதிகாரத்தைக் கொண்டு சிறுமியை வசப்படுத்திய முதியவனும் ஒரே பிரிவின் கீழ் நிறுத்தப்படுவது நீதியாகாது. 1998ஆம் ஆண்டின் திருத்தம் இதனை ஓரளவு உணர்ந்தது. எதிரி 18 வயதுக்குட்பட்டவனாயிருந்து, பெண்ணும் இசைந்திருப்பின், 10 ஆண்டு என்ற குறைந்தபட்சத் தண்டனையிலும் குறைத்து விதிக்க அது இடமளித்தது. அந்தக் குறைந்தபட்ச எல்லை நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்று தீர்த்தது. இவை இரண்டும் தண்டனையின் அளவையே தொட்டன. 16 வயதுக்குட்பட்டவளின் இசைவு அப்போதும் எதிரியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை.