21 ஆண்டுக் காத்திருப்பு: இணையப் பக்கத்துக்குக் கட்ட அமைப்பு வந்த வரலாறு

2017 மார்ச் மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஓபரா, சஃபாரி ஆகிய நான்கு உலாவிகளும் சில வார இடைவெளியில் ஒரே வசதியைத் திறந்துவிட்டன. சிஎஸ்எஸ் கிரிட் என்பது அதன் பெயர். பக்கத்தை வரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் பகுத்து, எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் அமர வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் முறை இது. ஆனால் பக்கத்தைச் சட்டங்களாகப் பிரித்து, உள்ளடக்கம் எந்தச் சட்டத்தில் விழ வேண்டும் என்பதைத் தோற்றத்தைச் சொல்லும் நடைதாளிலேயே எழுதலாம் என்ற வரைவை பெர்ட் பாஸ், டேவ் ராகெட், ஹோகன் வியம் லீ மூவரும் 1996லேயே வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் முன்வைத்திருந்தார்கள். எண்ணத்துக்கும் கருவிக்கும் இடையே 21 ஆண்டுகள்.

தொழில்நுட்பம் முதிரவில்லை, அதனால் தாமதம் என்று சொல்லிவிடுவது எளிது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. தரநிலை எழுதுபவர்கள், உலாவி செய்பவர்கள், பக்கம் கட்டுபவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இடையே இருந்த உறவுதான் தாமதத்தின் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அட்டவணையின் ஆட்சி

டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வலை, ஆய்வறிக்கைகளைப் பகிர்வதற்கானது. தலைப்பு, உரை, பட்டியல், இணைப்பு என்று உள்ளடக்கத்தின் தன்மையைச் சொல்ல எச்டிஎம்எல்லில் வழி இருந்தது. தோற்றத்தைச் சொல்ல வழியில்லை. இந்தக் குறையை நிரப்ப, அதே செர்னில் இருந்த ஹோகன் வியம் லீ 1994 அக்டோபர் 10 அன்று அடுக்கு நடைதாள் (சிஎஸ்எஸ்) பற்றிய தம் முன்மொழிவை வெளியிட்டார். மூன்றே நாளில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் சோதனைப் பதிப்பை அறிவித்தது. தரநிலையும் சந்தையும் ஒரே வாரத்தில் ஓடத் தொடங்கின. சந்தை வேகமாக ஓடியது.

1995இல் நெட்ஸ்கேப் 1.1 அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியது. எண்களையும் தரவுகளையும் வரிசைப்படுத்த வந்த அட்டவணையை வடிவமைப்பாளர்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். கோடுகளை மறைத்துவிட்டால் அது பத்திரிகைப் பக்கம்போல் நெடுவரிசை தரும் அல்லவா? டேவிட் சீகல் 1996இல் எழுதிய நூல் இந்த உத்தியைத் தொழிலாகவே ஆக்கியது. ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத கிஃப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்குவது அந்நாளைய பெரிய வித்தை. ஃபோட்டோஷாப்பில் வரைந்த முழுப் பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளை அட்டவணை அறைகளுக்குள் ஒட்டினார்கள். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் இன்னொன்று.

விலை குறைவாக இல்லை. அன்றைய உலாவிகள் அட்டவணை முழுவதும் வந்து சேரும்வரை எதையும் வரையாமல் காத்திருப்பதுண்டு. தொலைபேசி மோடத்தில் அது நீண்ட வெற்றுத்திரை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அறைகளின் வரிசைப்படி படிக்கும். அந்த வரிசைக்கும் பொருளுக்கும் தொடர்பிருக்க வேண்டிய அவசியமில்லை. சீகலே 1997இல் தம் உத்தி வலையைக் கெடுத்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார்.

சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்திருந்தது, இரண்டாவது 1998 மேயில். ஏட்டில் இருந்தது, உலாவியில் இல்லை. நெட்ஸ்கேப் 4 அதை அரைகுறையாகவே புரிந்துகொண்டது. ஒரே வரியை நெட்ஸ்கேப் ஒரு விதமாகவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறு விதமாகவும் வரையும்போது, அட்டவணையை விட்டுவரத் தொழில்முறை வடிவமைப்பாளருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? அவர்களைக் குறை சொல்வது அநீதி.

மிதக்கும் பத்திகள்

1998இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற இயக்கம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. ஜெஃப்ரி செல்ட்மன் போன்றோர் பக்கம் கட்டுபவர்களின் சார்பில் உலாவி நிறுவனங்களோடு வாதாடினார்கள். 2000 மார்ச்சில் மெக்கின்டாஷுக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, சிஎஸ்எஸ் முதல் பதிப்பை ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றியது. டான்டெக் செலிக் அதன் பக்கத்தைத் திரையில் வரையும் எஞ்சினை உருவாக்கியவர். 2002இல் வயர்ட் நியூஸ் தளம், டக்ளஸ் போமனின் கையால், அட்டவணைகளை விட்டு நடைதாளுக்கு மாறியது. 2003 மேயில் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன், ஒரே எச்டிஎம்எல் கோப்புக்கு நடைதாளை மட்டும் மாற்றி எத்தனை முகம் கொடுக்கலாம் என்று காட்டியது. வாதத்தைவிடக் காட்சி அதிகம் நம்பவைத்தது.

ஆனாலும் கருவி இன்னும் இரவல் கருவிதான். அட்டவணைக்குப் பதில் இப்போது ஃப்ளோட். ஒரு படத்தை ஓரமாக ஒதுக்கி, அதைச் சுற்றி உரையை ஓடவிடுவதற்காக வந்தது அது. அதைக் கொண்டு நெடுவரிசை கட்டினார்கள். மிதக்கும் பெட்டிகளைத் தாங்கும் வெளிப்பெட்டி, உள்ளே எதுவும் இல்லை என்று எண்ணிச் சுருங்கிவிடும். அதை நிமிர்த்த கிளியர்ஃபிக்ஸ் என்ற தந்திரம் 2004இல் பரவியது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நெடுவரிசைகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அதே ஆண்டு டேன் சிடர்ஹோம், நெடுவரிசையின் நிறத்தைப் பின்னணிப் படமாகவே வரைந்துவிடலாம் என்றார். அதாவது உயரம் சமமாக இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றுவது. நடுவில் ஒன்று, இருபுறமும் இரண்டு என்ற மூன்று நெடுவரிசை அமைப்புக்குப் புனிதக் கிண்ணம் என்றே பெயர் வைத்தார்கள். நாளிதழ் பக்கம் கட்டும் எவரும் நாள்தோறும் செய்யும் வேலை, வலையில் தவமாகிவிட்டது.

இதற்குள் 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, போட்டியை வென்றபின் அப்படியே நின்றுபோனது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. 2005இல் பெர்ட் பாஸ் எழுத்துகளைக் கொண்டு பக்கத்தின் படத்தையே வரையும் இன்னொரு வரைவைத் தந்தார்; அதை நிறைவேற்ற எந்த உலாவியும் முன்வரவில்லை. எண்ணங்களுக்குப் பஞ்சமில்லை, எடுத்துச் செய்ய ஆளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இங்கே ஒரு சிறு விலகல். பெட்டியின் அகலத்தில் உள்விளிம்பும் கரையும் அடங்குமா என்பதில் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தரநிலைக்கு மாறாக, அடங்கும் என்று கணக்கிட்டது. அதற்காக வாங்கிய வசவு கொஞ்சமல்ல. பின்னாளில் பாக்ஸ் சைஸிங் என்ற பண்பு வந்ததும், நிரலாளர்கள் தாமே விரும்பி அந்தப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். இன்று பல திட்டங்களின் நடைதாள் அந்தப் பண்பை அமைக்கும் வரியோடுதான் தொடங்குகிறது.

கைப்பேசியும் ஃபிளெக்ஸ்பாக்ஸும்

2007இல் ஐஃபோன் வந்ததும், 960 பிக்சல் என்ற நிலையான அகலத்தை நம்பிய ஏற்பாடுகள் ஆட்டம் கண்டன. 2010 மே மாதத்தில் ஈத்தன் மார்கோட், எ லிஸ்ட் அபார்ட் இதழில் திரைக்கேற்ப இணங்கும் வடிவமைப்பை விளக்கினார்: நெகிழும் கட்டம், நெகிழும் படம், திரையின் அளவுக்கேற்ப நடைதாளை மாற்றும் மீடியா குவரி. கட்டம் என்ற சொல் அங்கே இருந்தாலும், அடியில் இருந்தது அதே ஃப்ளோட். அகலங்கள் சதவீதக் கணக்காக மாறியிருந்தன, அவ்வளவே. 2011 ஆகஸ்டில் ட்விட்டரிலிருந்து வந்த பூட்ஸ்ட்ராப் என்ற நடைதாள் தொகுப்பு, அந்தக் கணக்கையும் ஆயத்தமாகத் தந்தது.

பக்க அமைப்புக்காகவே பிறந்து பரவலான முதல் கருவி, பெட்டிகளை ஒரே வரிசையில் நெகிழ்வாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ். அதன் முதல் வரைவு 2009இல் வெளியானது. நல்ல கருவி, மோசமான வருகை. உலாவிகள் வரைவு நிலையிலேயே பண்பின் பெயருக்கு முன் தத்தம் முன்னொட்டைச் சேர்த்து அதை வெளியிட்டுவிட்டன. தரநிலைக் குழுவோ தொடரியலை இருமுறை மாற்றியது. விளைவாக, பழைய சஃபாரிக்கு ஒன்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10க்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று என ஒரே செய்தியை மூன்று மொழியில் எழுத வேண்டியதாயிற்று. முன்னொட்டு என்பது சோதனைக்கு மட்டும் என்ற ஒப்பந்தம் நடைமுறையில் செத்துப்போனது. 2012இல் ஓபரா, போட்டியாளர்களான சஃபாரி, குரோம் உலாவிகளின் எஞ்சினான வெப்கிட்டின் முன்னொட்டையே தானும் ஏற்கத் தொடங்கியது அதன் உச்சம்.

கிரிட்டின் வருகை

பாடம் கற்கப்பட்டது. 2013இல் குரோம் தனக்கென பிளிங்க் எஞ்சினைப் பிரித்துக்கொண்டபோது, இனிப் புதிய முன்னொட்டு இல்லை, முதிராத வசதிகள் அமைப்பில் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் என்று அறிவித்தது. சோதிக்க விரும்பும் நிரலாளர் சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாம். பொதுப் பயனரை நம்பித் தளம் கட்ட முடியாது. எனவே தொடரியலை மாற்றினாலும் எந்தத் தளமும் உடையாது.

கிரிட்டின் இன்றைய வடிவத்துக்கான வரைவு 2011இல் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தது. விண்டோஸ் 8 செயலிகளை எச்டிஎம்எல்லில் எழுத வைக்க அந்நிறுவனம் எண்ணியிருந்தது. செயலிக்குக் கட்ட அமைப்பு வேண்டும். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10இல் முன்னொட்டோடு வந்தது. டேப் அட்கின்ஸ், எலிகா எடமாட் முதலியோர் வரைவைத் திருத்தி வளர்த்தார்கள். பாஸ் கனவு கண்ட, எழுத்தால் வரையும் பக்கப் படமும் உள்ளே சேர்ந்தது. குரோமின் அடித்தளமான குரோமியத்திலும் சஃபாரியின் வெப்கிட்டிலும் இதை எழுதியவர்கள் கூகுளோ ஆப்பிளோ அல்லர், ஸ்பெயினின் கலீசியாவில் உள்ள இகாலியா என்ற தொழிலாளர் கூட்டுறவு நிறுவனம். பணம் தந்தது நிதித்தகவல் நிறுவனமான புளூம்பெர்க். தேவை உள்ளவரே செலவைத் தாங்கி, மற்றவரின் உலாவிக்குள் வசதியைக் கட்டச் செய்தது வலையின் வரலாற்றில் அரிய ஏற்பாடு. ரேச்சல் ஆண்ட்ரூவும் ஜென் சிம்மன்ஸும் அது வெளியாகும் முன்பே ஊர் ஊராகக் கற்பித்தார்கள். 2017 மார்ச்சில் நான்கு உலாவிகளும் காட்டிய ஒற்றுமை தற்செயலன்று.

கிரிட் உள்ளடக்கத்தின் நீளத்தைக் கேட்டு அகலத்தை முடிவுசெய்ய வல்லது. இது தமிழுக்கு நேரடியாகப் பயன்படும் பண்பு. ஆங்கிலத்தில் ‘ஷேர்’ என்று அடங்கும் பொத்தான் தமிழில் ‘பகிர்ந்துகொள்க’ ஆகும்போது, பிக்சலில் அளந்து வைத்த பெட்டி பிதுங்கும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக் கட்டிய இடைமுகங்களைத் தமிழாக்கியவர்கள் இதை நன்கறிவார்கள்.

அதன்பின் வந்தவை வேகமாக வந்தன. உள்கட்டம் வெளிக்கட்டத்தின் கோடுகளையே பின்பற்றும் சப்கிரிட் 2019 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும், 2023 செப்டம்பரில் குரோமிலும் வந்தது. திரையைப் பார்க்காமல் தன்னைத் தாங்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்து இணங்கும் கன்டெய்னர் குவரி 2022 ஆகஸ்டில் குரோமிலும், அடுத்த மாதம் சஃபாரியிலும், 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் கிடைத்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றிருந்தது.

உயரம் வேறுபட்ட படங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கும் மேசன்ரி அமைப்பு கிரிட்டின் பகுதியா, தனி முறையா என்பதில் 2024இல் சஃபாரி தரப்பும் குரோம் தரப்பும் முரண்பட்டன. வெப்கிட் குழு ஏப்ரலில் தன் வாதத்தை வெளியிட்டு நிரலாளர்களின் கருத்தைக் கேட்டது. மே மாதத்தில் குரோம் குழு மாற்று முன்மொழிவை வெளியிட்டது. வசதி பொதுப் பயனரின் உலாவிக்குள் நுழையும் முன்பே, பக்கம் கட்டுபவர்களின் முன்னிலையில் அந்த வாதம் நடந்தது.