கத்தி மடங்கும் வரை

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி இரண்டு விஷயங்களை நாம் எல்லோரும் தீர்மானமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, அவர்கள் பேச்சில் சமர்த்தர்கள். மற்றொன்று, சாப்பாட்டில் அதைவிடச் சமர்த்தர்கள். இரண்டாவது நம்பிக்கைக்கு 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபையே முத்திரை குத்திவிட்டது. மனித குலம் கட்டிக் காக்க வேண்டிய கலாசாரச் செல்வங்களின் ஜாபிதாவில், ஆட்டம் பாட்டு இவற்றுக்குச் சமமாகப் பிரெஞ்சு மக்களின் விருந்துச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொண்டது.

கிராமத்து வீட்டின் முற்றத்தில் மரநிழல். நிழலில் நீண்ட மேஜை. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சிநேகிதர்கள். ரொட்டி, பாலாடைக் கட்டி, திராட்சை மது, ஓயாத பேச்சு. சினிமாவில் பார்த்துப் பார்த்து, பிரான்ஸின் கிராமம் என்றதும் இந்தப் படந்தான் நம் மனத்தில் எழுகிறது. ஆதி நாள் தொட்டே அந்த ஊர்க் குடியானவர்கள் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள் என்று எண்ணத் தோன்றும்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அழகான படத்தைக் கண்டால், மேஜையைத் துடைத்தது யார் என்று கேட்பான். அந்தக் கேள்வியோடு சில பழைய புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, மேஜை மேலிருந்த பண்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரு சட்டி சூப்பும் ஒரு கறுப்பு ரொட்டியும் மிஞ்சின.

1610-ல் கொலையுண்ட நாலாம் ஹென்றி மன்னர், தம் ராஜ்யத்தில் ஒவ்வொரு குடியானவன் வீட்டுப் பானையிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கோழி வேக வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அது புத்தகத்தில் ஏறியது அவர் இறந்து சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய பேரனுக்குப் பாடம் சொன்ன ஒரு பாதிரியாரின் எழுத்தில். அந்தப் பேரன்தான் பதினாலாம் லூயி. அவர் காலத்தில் கோழி பானைக்கு வந்து சேர்ந்ததா என்றால், அவருடைய கோட்டைகளைக் கட்டிய வோபான் என்ற எஞ்சினீயர் பதில் எழுதி வைத்திருக்கிறார். 1696-ல் தம் சொந்தப் பகுதியான வெஸலே பக்கத்துக் கிராமங்களைப் பற்றி அவர் ஒரு விவர அறிக்கை தயாரித்தார். சாதாரண ஜனங்கள் வருஷத்தில் மூன்று தடவைகூட மாமிசம் உண்பதில்லை. பார்லியையும் ஓட்ஸையும் கலந்து, தவிட்டைக்கூட நீக்காமல் ரொட்டி சுடுகிறார்கள். உப்பைக்கூட எண்ணித்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்கிறார்.

உப்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். காபெல் என்ற உப்பு வரிதான் பஞ்சம். வரி மிகுந்த ஜில்லாக்களில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு உப்பு என்று சர்க்கார் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை. அந்த உப்பைச் சமையலுக்குத்தான் உபயோகிக்கலாம். பன்றி இறைச்சியை உப்பிட்டுப் பதனம் பண்ண வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். வீட்டு உப்பு எந்தப் பானைக்குள் போகிறது என்று பார்க்கவும் சர்க்கார் சேவகர்கள் இருந்தார்கள்!

ஆங்கிலேய விவசாய நிபுணர் ஆர்தர் யங் பிரான்ஸைச் சுற்றி வந்தபோது, 1789 ஜூலை 12-ந் தேதி ஒரு குன்றின் மேல் ஏழைப் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டே நடந்தார். பாரிஸில் பாஸ்டில் சிறை தகர இன்னும் இரண்டே நாள். அவளுக்கு ஏழு குழந்தைகள். துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை. பசுவின் பால் சூப்புக்கு உதவுகிறது என்றாள். கூன் விழுந்து, முகம் சுருங்கி, அறுபது எழுபது வயது மதிக்கும்படி இருந்தாள். கேட்டால், இருபத்தெட்டு என்றாளாம். புரட்சியின் சரித்திரத்தைப் பெரிய பெரிய புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவற்றில் இல்லாத ஏதோ ஒன்று இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சூப் என்றால் ஹோட்டலில் கிண்ணத்தில் வருகிற சமாசாரம் அல்ல. அந்தச் சொல் ஆதியில் குறித்தது குழம்பை அல்ல, அடியில் போட்ட ரொட்டித் துண்டத்தையே. காய்ந்து இறுகிய ரொட்டியின் மேல், கோசும் கிழங்கும் வேக வைத்த நீரை ஊற்றினால் அதுதான் ஆகாரம். காலையில் அது, மாலையில் அது, பல வீடுகளில் நடுப்பகலிலும் அது. ராச்சாப்பாட்டுக்கே அவர்கள் பாஷையில் சூப்பை வைத்துத்தான் பெயர். ரொட்டி இறுகாமல் என்ன செய்யும்? விறகு மிச்சம் பிடிக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் அடுப்பு மூட்டினார்கள். ஆல்ப்ஸ் மலையில் வில்லார் தாரேன் என்ற ஊரில் வருஷத்துக்கு ஒரே தடவை! அந்த ரொட்டியை வெட்டுவது கிட்டத்தட்ட விறகு பிளக்கும் வேலைதான். ரொட்டி விளையாத மேட்டு நிலங்களில் செஸ்நட் கொட்டையை வேக வைத்துத் தின்றார்கள். அந்த மரத்துக்கு ‘ரொட்டி மரம்’ என்றே பெயர்.

ரொட்டியை அறுக்குமுன் அதன் அடிப்புறத்தில் கத்தி முனையால் சிலுவைக் குறி இடுவான் வீட்டு எஜமானன். ஒவ்வோர் ஆணும் தன் சட்டைப் பையிலிருந்து தன் மடக்குக் கத்தியை எடுப்பான். கத்தி இல்லாத ஆண், ஆண் அல்ல. சாப்பாடு முடிந்ததும் எஜமானன் கத்தியைத் துடைத்து ‘டக்’ என்று மடக்குவான். அவ்வளவுதான், மெதுவாகச் சாப்பிடுகிற பண்ணையாள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். பல பகுதிகளில் வீட்டுப் பெண்கள் இந்த மேஜையில் உட்காருவதே இல்லை. பரிமாறிவிட்டு, அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டார்கள். பேச்சுக்கும் அங்கே இடம் கிடையாது. பசிக்கிறவனுக்குப் பேச ஏது நேரம்?

அப்படியானால் சிநேகிதர்கள் கூடிய அந்த மேஜை எங்கிருந்து முளைத்தது? எனக்குத் தெரிந்த வரையில், அது செல்வத்தில் முளைத்ததல்ல, சிக்கனத்தில் முளைத்தது.

குளிர்காலத்து இரவு நீளமானது. விறகுக்கும் எண்ணெய்க்கும் காசு வேண்டும். ஐந்து வீட்டில் ஐந்து விளக்கு எரிவதற்குப் பதில், ஐந்து வீட்டாரும் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன? இந்தக் கூட்டத்துக்கு ‘வெயே’ என்று பெயர். விறகும் இல்லாத ஊர்களில் மாட்டுத் தொழுவத்திலேயே கூடினார்கள். மாடுகளின் மூச்சுக் காற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் அல்லவா? பெண்கள் நூல் நூற்பார்கள். ஆண்கள் கூடை முடைவார்கள், சணல் உரிப்பார்கள். பிள்ளைகள் வாதுமைக் கொட்டை உடைப்பார்கள். நடுவே பேச்சு, வம்பு, பாட்டு, பேய்க் கதை. இருட்டு மூலையில் இளசுகளின் காதல் விவகாரம். இதற்காகவே பல பாதிரிமார்கள் வெயேயைச் சபித்தார்கள்.

க்ரூஸ் பிரதேசத்தில் 1815-ல் பிறந்த மார்த்தேன் நதோ என்ற கொத்தனார், பிற்காலத்தில் பார்லிமெண்டு அங்கத்தினராகி, 1895-ல் தம் நினைவுகளை வெளியிட்டார். 1830-ல், பதினாலு வயதுப் பையனாக, தகப்பனாருடன் பாரிஸுக்குக் கொத்து வேலை தேடிக் கால்நடையாகக் கிளம்பியவர் அவர். அந்தப் பிரதேசத்து ஆண்களில் எத்தனையோ பேர் வசந்தத்தில் அப்படிப் போய்ப் பனிக்காலத்தில்தான் திரும்புவார்கள். திரும்பியவர்கள் தலைநகரத்துச் சங்கதிகளைச் சொல்ல, போகாதவர்கள் வாய் பிளந்து கேட்ட இடமும் வெயேதான். பத்திரிகை எட்டாத ஊரில் அதுதான் பத்திரிகை.

அடுத்தது பன்றி. குளிர்காலத்தில் ஒரு வீட்டில் பன்றி அறுத்தால் அக்கம்பக்கத்தார் ஒத்தாசைக்கு வருவார்கள். உப்பிட்டது போகப் புதிய மாமிசத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வீடு போகும்; குழந்தைகள் தட்டில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். அடுத்த மாதம் அண்டை வீட்டில் அறுக்கும்போது அதே அளவு திரும்பி வரும். அளவு குறைந்தால் வருஷக்கணக்கில் மனஸ்தாபம். தாராளம் என்று நாம் புகழ்வது உண்மையில் கச்சிதமான வரவு செலவுக் கணக்கு. கெடக்கூடிய பண்டத்தை அண்டை வீட்டான் வயிற்றில் சேமித்து வைப்பதைவிடப் பத்திரமான பாங்கு எது?

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய விருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கதிரடிப்பு யந்திரம் கிராமங்களுக்கு வந்தது. பண்ணை பண்ணையாக இழுத்துச் செல்வார்கள். அந்தப் பூதத்துக்குத் தீனி போட இருபது முப்பது பேர் வேண்டும். கூலி கொடுக்க யாரிடம் பணம்? இன்று என் களத்துக்கு நீ வா, நாளை உன் களத்துக்கு நான் வருகிறேன் என்று ஏற்பாடு. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வீட்டுக்காரியின் கௌரவப் பிரச்னை. நேற்று அந்த வீட்டில் இரண்டு வகை மாமிசம் என்றால் இன்று இந்த வீட்டில் மூன்று. கதவைக் கழற்றிப் பீப்பாய்களின் மேல் போட்டு மேஜையாக்கினார்கள். கல்யாணத்தை விட்டால், குடியானவன் வயிறு நிறையத் தின்றது இந்த நாட்களில்தான். கல்யாண விருந்து எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் பிளாபேர் 1857-ல் வெளியிட்ட ‘மதாம் பொவாரி’யைப் பார்க்கலாம். அந்த நாவலில் நாற்பத்து மூன்று பேர் பதினாறு மணி நேரம் மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை. வருஷம் பூராவும் பட்டினியை ஒத்திப் போட்டவர்கள்தான் அப்படி உட்கார முடியும்.

கதிரடிப்புப் பந்தியில் ஒரு விசேஷம். வரப்புத் தகராறில் ஆறு மாதமாகப் பேசாதவனும் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியை ஒடித்தாக வேண்டும். அவனுடைய இரண்டு கைகளும் தேவை. நண்பன் என்று பொருள்படும் ‘கொபேன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே, கூட ரொட்டி தின்றவன் என்பதுதான் வேர்ப்பொருள். மனம் ஒத்தவன் என்று அந்தச் சொல் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1914-ல் யுத்தம் வந்தது. பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் மடிந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் குடியானவர்கள். ஊருக்கு ஊர் கல்லில் பெயர் பொறித்து நிறுத்தினார்கள். மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்த பின் வீட்டுக்கொரு விளக்காயிற்று, வெயே தேய்ந்தது. 1950-களிலும் 60-களிலும் அறுத்துக்கொண்டே அடிக்கும் புது யந்திரம் வந்தது. அதற்கு ஓர் ஆள் போதும். முப்பது பேர் பந்தி அத்தோடு முடிந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது உழைக்கும் ஜனங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

சில வருஷங்களுக்கு முன், நதோ பிறந்த அதே க்ரூஸில் ஒரு சிற்றூரில் நாலைந்து நாள் தங்க வாய்த்தது. 1851-ல் 2,87,000 பேர் இருந்த பிரதேசம். இப்போது 1,15,000 பேர் இருந்தால் அதிகம். ஜன்னல் கதவு சாத்திய வீடுகளே மிகுதி. பாக்கி வீடுகளில் பாதிக்கு விடுமுறைக்கு மட்டும் வெளிச்சம். ஒரு நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சைவம் என்று சொல்லியிருந்ததால், மிகுந்த பரிவோடு மாமிசத்தை எடுத்துவிட்டு மீனை வைத்தார்கள்! நான் ரொட்டியோடு சமாதானமானேன். ரொட்டிக்குத் தட்டு கிடையாது. மேஜை விரிப்பின் மேலேயே இருக்க வேண்டும். தெரியாமல் கவிழ்த்து வைத்தால் யாராவது ஒருவர் பேச்சை நிறுத்தாமலே திருப்பி வைத்துவிடுகிறார். கவிழ்ந்த ரொட்டி கொலைத் தண்டனை நிறைவேற்றுகிறவனின் ரொட்டியாம், ஆகாத சகுனம். எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர், சூப்பின் கடைசிக் கரண்டி தட்டில் இருக்கும்போதே சிவப்பு மதுவை அதில் ஊற்றி, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக் குடித்தார். இதற்கு ‘ஷாப்ரோ’ என்று பெயர். தட்டைக் கழுவவும் மதுவைக் கதகதப்பாக்கவும் ஏழைகள் கண்ட உபாயம் அது. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவன் செய்தும் பார்த்தான்.

பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டம்மாளின் பாட்டி கடைசி வரை மேஜையில் உட்கார மறுத்துவிட்டாளாம். “உட்காருங்கள் என்று கெஞ்சினாலும், நின்றால்தான் எனக்கு ஜீரணமாகும் என்பாள்” என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பழைய பந்தியை எண்ணி ஏங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பசியையும் நின்று தின்ற பெண்களையும் கழித்துவிட்டு ஏங்குவது சுலபம். ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. கை தேவைப்பட்ட காலத்தில் ஊரில் ஒருவரும் மேஜைக்கு வெளியே இருக்க முடியவில்லை. இன்று மேஜையில் இருப்பவர்கள் அழைக்கப்பட்டவர்கள். அழைக்கப்படாதவர்களை யாருக்கும் தேவையில்லை. 1999-ல் பாரிஸில் ‘அண்டை வீட்டார் விழா’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வருஷத்தில் ஒரு நாள் அடுத்த கதவைத் தட்டிச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. தம் பேட்டையில் ஒரு கிழவி வீட்டுக்குள் இறந்து மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்ததே அதற்குத் தூண்டுதல் என்று தொடங்கியவர் சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு பாலாடைக் கட்டி வந்து, அதற்குப் பின் பழப் பணியாரம் வந்து, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அந்த ஊரில் கடைசிக் கதிரடிப்பு எந்த வருஷம் நடந்தது என்று பெரியவருக்கும் எதிரே இருந்த அவருடைய பால்ய சிநேகிதருக்கும் விவாதம். ஒருவர் 1957 என்றார். மற்றவர் 1959 என்று மேஜையைத் தட்டினார். அந்த வருஷம் யார் வீட்டில் வாத்துக்கறி போட்டார்கள் என்பதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று வீட்டம்மாள் இன்னொரு தரம் காப்பி போட எழுந்தார். பேரன்களில் மூத்தவன் அவரை உட்கார்த்திவிட்டுத் தானே உள்ளே போனான். வாத்து விஷயத்திலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.