மாதுங்கா: மும்பையின் தென்னிந்தியக் குடியிருப்பு

மாதுங்கா, மும்பையில் தாதருக்கும் சயானுக்கும் இடையே உள்ள பகுதி. மத்திய ரயில்வே நிலையத்துக்குக் கிழக்கிலுள்ள தெருக்கள், தமிழர்களும் பிற தென்னிந்தியர்களும் ஏறத்தாழ நூறாண்டாகச் சேர்ந்து வாழ்வதால் பெயர்பெற்றவை. அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

தோற்றம்

1896இல் பரவிய பிளேக், பம்பாயின் நெரிசலான ‘சால்’ குடியிருப்புகளை உலுக்கியது. அதையடுத்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. நகருக்கு வடக்கே இருந்த நிலத்தைக் கையகப்படுத்தி, அகலமான சாலைகளும் திறந்தவெளிகளும் கொண்ட தாதர்–மாதுங்கா திட்டத்தை அது வகுத்தது.

பாலக்காடு, தஞ்சாவூர் பக்கங்களிலிருந்து குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வந்தவர்கள் இங்கே வாடகைக்குக் குடியேறினர். சாலில் ஒற்றை அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. இங்கு எழும்பிய பிளாட்டிலோ சமையலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்குக் கழிப்பறை ஒரே கூரையின்கீழ் வந்தது சங்கடம்தான். ஆனாலும் வசதி வென்றது. வரலாற்றாசிரியர் நிகில் ராவ், பம்பாய்ப் புறநகர்களைப் பற்றிய தம் நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறார். ஊரில் தமிழர், மலையாளி, கன்னடர் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ‘தென்னிந்தியர்’ என்ற பொது அடையாளத்தைப் பெற்றதும் இந்தப் பிளாட்டுகளில்தான் என்பது அவர் கருத்து.

நடைவழி

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், சந்தைக் கட்டடத்தின் மாடியில் ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருக்கிறது. 1942இல் தொடங்கிய இந்த உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். கீழே பூக்கட்டுபவர்கள், வாழையிலை, கறிவேப்பிலை, காப்பித்தூள் கடைகள்.

பண்டார்க்கர் சாலையில், ‘கொச்சு குருவாயூர்’ எனப்படும் ஆஸ்திக சமாஜக் கோயில் இருக்கிறது. 1932இல் எம். வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் மாதுங்காவில் வேர்விட்டதே. இன்று எஸ்ஐஇஎஸ் என்ற பெயரில் மும்பையெங்கும் பள்ளி, கல்லூரிகளை நடத்துகிறது.

சாலைகள் பல வந்து கூடுமிடம் கிங்ஸ் சர்க்கிள். நடுவிலுள்ள பூங்காவின் இன்றைய பெயர் மகேஸ்வரி உத்யான். இதைச் சுற்றி 1930, 40களில் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்களில் நிமிர்ந்து பார்க்க வேண்டியவை: வளைந்த பால்கனிகள், வெயில் தடுக்கும் கான்கிரீட் நீட்டங்கள், கிடைக்கோட்டு அலங்காரங்கள். தமிழ்ப் படங்கள் ஓடிய அரோரா திரையரங்கும் இந்த வட்டத்தை ஒட்டியதே. 1940இல் திறந்த கஃபே மெட்ராஸ் உணவகம் அருகில் இருக்கிறது. ஞாயிறு காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

வடக்கே, சயான் எல்லையில் சண்முகானந்தா அரங்கம். 1952இல் தொடங்கிய சண்முகானந்தா சபா 1963இல் இதைத் திறந்தது. 1990இல் தீயில் சேதமடைந்து, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. கர்நாடக இசையோடு இந்துஸ்தானிக் கச்சேரிகளும் இங்கே நடக்கின்றன.

இன்றைய நிலை

பழைய மூன்றடுக்கு வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுகின்றன. இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் பலர் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்துவிட்டனர். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் பூவும் இலையும் வாங்க அவர்கள் மாதுங்கா சந்தைக்கே வருகிறார்கள்.