கரி என்னும் சொல்லும் மாத்தாங் காடும்

தமிழில் 'கரி' என்பது முதலில் எரிந்து கறுத்த மரத்தையே குறித்தது. மண்ணுக்கடியிலிருந்து தோண்டிய எரிபொருள் பிற்காலத்தில் பெருவழக்கானபோது, 'நிலம்' என்னும் அடையைச் சேர்த்து அதனை 'நிலக்கரி' என்றோம். மலாய்மொழியும் இவ்வாறே செய்தது. 'ஆராங்' என்பது மரக்கரி. 'ஆராங் பத்து', அதாவது கல்லாகிய கரி, நிலக்கரி. இரு மொழிகளும் காட்டும் இம்முறை வைப்பு இந்நாட்டுத் தொழில் வரலாற்றோடும் ஒத்துச் செல்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பேராக் மாநிலத்தின் வெள்ளீய உலைகள் மரக்கரியால் எரிந்தன. அதற்காகச் சுரங்கங்களைச் சுற்றியிருந்த காடுகள் அழிந்தன. பின்னர், 1915இல் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கிற்று. இரயில்வேயும் மின்நிலையங்களும் அந்நிலக்கரியை வாங்கின. எண்ணெயின் போட்டிக்கு முன் நிற்கமாட்டாமல் 1960இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. இன்று மலேசிய மின்நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது.

இவ்விடத்தில் நாம் நோக்கத்தக்கது பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள இக்காடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒழுங்குமுறைக்கு உட்பட்டு வருகிறது. ஓரிடத்து மரங்கள் 30 ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முழுதாக வெட்டப்படும். இடையில் இருமுறை நெருக்கம் களையப்படும். அப்போது கிடைக்கும் கழிகளும் விலைபோகும். கோலா செப்பெத்தாங்கின் சூளைகளில் இம்மரம் கரியாகிறது. வெட்டிய இடத்தில் கன்று தழைக்கிறது. மீனும் இறாலும் வளரும் கழிமுகமும் நிலைபெறுகிறது.

மர எரிபொருளின் நன்மை இதில் விளங்கும். நிலக்கரி வெளியிடுவது, பல கோடி ஆண்டுகள் மண்ணுள் அடைபட்டிருந்த கரிமம். மரம் வெளியிடுவதோ, அது வளர்ந்த சில பத்தாண்டுகளில் காற்றிலிருந்து பெற்ற கரிமம். மறுகன்று அதனை மீண்டும் ஈர்க்கும். மரத்தில் கந்தகமும் சாம்பலும் குறைவு. எரிபொருளுக்குச் செலவாகும் பணமும் உள்ளூரிலேயே தங்கும். நம் செம்பனை ஆலைகள் தம் கழிவாகிய நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே கொதிகலன்களை இயக்குகின்றன. அவற்றுக்கு நிலக்கரி வேண்டியதில்லை.

எனினும், இந்நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓர் எடை மரக்கரிக்கு நான்கைந்து மடங்கு மரம் தேவை. விறகின் வெப்பம் நிலக்கரியினும் குறைவாதலால், அதனை நெடுந்தொலைவு சுமந்து செல்வதும் கட்டுபடியாகாது. எனவே வளர்ச்சிக்கு மிஞ்சி வெட்டினால், வெள்ளீய உலைகளின் காலத்து அழிவே மீளும். மரமும் நிலக்கரியும் தம்மளவில் நல்லன தீயன அல்ல. கன்றுக்கு நாம் அளிக்கும் 30 ஆண்டுகளே பயனை முடிவுசெய்கின்றன. எரிபொருள் பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர்கள், எது எரிகிறது என்பதோடு, அது மீண்டும் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்றும் மாணவரைக் கேட்கலாம்.