கலைத்த எழுத்தும் பூட்டிய பக்கமும்

ஈய எழுத்துக் காலத்தில் புத்தகம் அச்சானதும் கம்பாஸிட்டர் பக்கத்தைக் கலைத்து, எழுத்துக்களைக் கேஸில் போட்டுவிடுவார். மறுபதிப்பு என்றால் மறுபடி கோக்க வேண்டியதுதான். அதில் சிரமம் உண்டு, ஏமாற்றம் இல்லை.

1985-ல் ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் பிறந்தது. கலைக்காமலே பக்கத்தைக் காப்பாற்றித் தருவதாக அது ஆசை காட்டிற்று. நாளடைவில் திண்டுக்கல் என்ன, சென்னை என்ன, தமிழ் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை முதல் நாவல் வரை அதிலேயே உருவாயின.

1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கிற்று. 1999-ல் இன்டிசைன் என்ற புதியதைக் கொண்டுவந்தது. பேஜ்மேக்கரின் வளர்ச்சி 2004-ல் நின்றது.

ஆங்கிலக்காரருக்கு இது பழக்கம் மாறுகிற சங்கடம். நமக்கோ அதற்கும் மேல். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆங்கில எழுத்தின் இடங்களில் தமிழை உட்காரவைத்த ஃபான்ட்டுகளால்தான் வேலை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஏற்பாடு. அந்த ஃபான்ட் இல்லையென்றால் திரையில் ஆங்கிலக் கிறுக்கல்தான். 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, பழைய பக்கங்கள் அக்கரையில் நின்றன. மாற்றிக்கொள்ள வழி உண்டு. பிறகு வரிக்கு வரி பிழை பார்க்க வேண்டும்.

ஆகவே, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மறுக்கும் அச்சகத்தாரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாதீர்கள். மறுபதிப்புக்கு அலையும் ஆசிரியனுக்கு அந்தப் பெட்டியே கதி. ஈயம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுத்த வாக்குப் பொய்த்தால் கோபம் வராதா?