மேரி ஷெல்லி கொன்ற உலகம்

1824 மே 14. லண்டனில் இருந்த எழுத்தாளர் மேரி ஷெல்லி அன்று தன் நாட்குறிப்பில் புலம்பித் தீர்த்தார். தன் கூட்டத்தார் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசி ஆளாகத் தான் மட்டும் மிஞ்சிவிட்டதாகத் தோன்றுகிறது என்பது அதன் சாரம். மறுநாள் இன்னோர் இடி. கிரேக்க விடுதலைப் போருக்குத் துணையாகப் போயிருந்த நண்பர், கவிஞர் பைரன், மிசலோங்கியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்ட செய்தி வந்தது.

அப்போது மேரிக்கு வயது 26. பெற்ற நான்கு பிள்ளைகளில் மூன்றை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. 1822 ஜூலையில் இத்தாலியின் ஸ்பெசியா வளைகுடாவில் படகு கவிழ்ந்து கணவர் பெர்சி ஷெல்லியும் போனார். மிஞ்சியது ஒரே மகனும், மாமனார் சர் திமோதி ஷெல்லி வேண்டா வெறுப்பாகக் கொடுத்துவந்த ஜீவனாம்சமும்தான். அதற்கும் நிபந்தனை உண்டு: ஷெல்லி என்ற குடும்பப் பெயர் அச்சில் வரக் கூடாது.

இந்த நிலையில் எழுதப்பட்டதுதான் ‘தி லாஸ்ட் மேன்’ (கடைசி மனிதன்) நாவல். 1826-இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. முகப்புப் பக்கத்தில் பெயர் இல்லை. ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ ஆசிரியர் எழுதியது என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

கதை 2073-இல் தொடங்குகிறது. இங்கிலாந்து மன்னர் முடிதுறக்க, நாடு குடியரசாகிறது. எதிர்கால விஞ்ஞானத்தை இதில் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். இறகு வைத்த பலூன்கள் சில பறக்கின்றன. மற்றபடி 21-ஆம் நூற்றாண்டு மனிதரும் குதிரையை நம்பித்தான் இருக்கிறார்கள். மேரியின் அக்கறை மனிதர்கள்மேல். சாந்த குணம் கொண்ட ஏட்ரியன் பாத்திரத்தில் பெர்சியையும், புகழுக்கு அலையும் ரேமண்ட் பிரபு பாத்திரத்தில் பைரனையும் அவர் மறுபடி நடமாட விட்டார். பிறகு இருவரையும் கொன்றார்.

ரேமண்டின் முடிவு நாவலின் உச்சமான இடங்களில் ஒன்று. அவர் தலைமையில் கிரேக்கப் படை கான்ஸ்டான்டினோபிளை முற்றுகையிட்டு நிற்கிறது. நகரம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால், உள்ளே கொள்ளைநோய் இருக்கிறது என்று தெரிந்ததும் வீரர்கள் காலெடுத்து வைக்க மறுக்கிறார்கள். பீரங்கிக்குப் பயப்படாதவர்கள் காற்றுக்குப் பயந்து நிற்கிறார்கள். ரேமண்ட் தனியாகக் குதிரையில் ஏறி, ஆளில்லாத நகருக்குள் நுழைகிறார். கூடவே அவருடைய நாய். பெரும் வெடிச்சத்தம் கேட்கிறது. கதைசொல்லி லயோனல் வெர்னி தேடிப் போனபோது கிடைத்தது, இடிபாட்டுக்குள் கிடந்த சடலம்.

அதன்பின் நோய் ஒவ்வொரு நாடாக விழுங்குகிறது. இந்தியச் சமவெளிகளும் தப்பவில்லை. இங்கிலாந்தை ஆண்ட ரைலண்ட், மக்களின் காவலன் என்று பட்டம் வைத்துக்கொண்டவர், பதவியை உதறிவிட்டு ஓடுகிறார். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் உணவு மூட்டைகளை அடுக்கிவைத்துப் பதுங்குகிறார். கடைசியில் அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே பூச்சி அரித்த பிணமாகக் கிடக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்து என்று நம்பக் கடினமான பகுதி இது.

மேரி வெறுங்கற்பனையில் எழுதவில்லை. 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா, 1823-க்குள் பாரசீகத்தைக் கடந்து ரஷ்ய எல்லையைத் தொட்டிருந்தது. நோய் தொட்டால் ஒட்டுமா, கெட்ட காற்றில் வருமா என்று மருத்துவர்கள் அடித்துக்கொண்ட காலம் அது. நோய்க்குக் கிருமி காரணம் என்று அப்போது நிறுவப்படவில்லை. நாவலில் நோய் காற்றோடு வருகிறது. கதவடைப்பும் காவலும் பலிக்கவில்லை. புத்தகம் வந்த மறு ஆண்டு, 1827 ஜூலையில், சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் சிலையாக அமர்ந்திருப்பவர்தான். 1831-இல் காலரா இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் துறைமுகத்தில் இறங்கியது.

விமர்சகர்கள் நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சீக்குப் பிடித்த கற்பனை என்றது ஒரு பத்திரிகை. கடைசி ஆள் பெண்ணாக இருந்திருக்கலாமே, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத துயரம் அவளுக்கல்லவா தெரியும் என்று நக்கலடித்தது இன்னொன்று. பிரான்சில் கிராங்வீல் 1805-லேயே இந்தக் கருவில் எழுதியிருந்தார். கவிஞர் தாமஸ் கேம்ப்பெல் 1823-இல் கவிதை பாடியிருந்தார். ஆகவே அரைத்த மாவு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. இதைவிடப் பெரிய அடி வேறு. விமர்சகர்கள் திருமதி ஷெல்லி என்று பெயரைப் போட்டு உடைத்துவிட, மாமனார் ஜீவனாம்சத்தை நிறுத்திவைத்தார். மேரி அச்சில் போடாத பெயருக்கு மேரிக்கே தண்டனை!

1833-இல் பிலடெல்பியாவில் ஒரு பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு 1965-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தூசி தட்டி எடுக்கும்வரை யாரும் மறுபதிப்பு போடவில்லை. ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ மேடை, சினிமா என்று வலம்வந்த அத்தனை காலமும் இது நூலக அலமாரியில் கிடந்தது.

குறையே இல்லாத நாவல் அல்ல இது. வசனங்கள் நீளம், அழுகை அதிகம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படிக்க உட்காருபவர்கள் முதல் பாகத்தின் காதல், பதவிச் சண்டைகளில் சலித்து மூடிவிட வேண்டாம். கொள்ளைநோய் இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது.