சைக்கிளிலயோ லீவு?

செமஸ்டர் லீவுக்கு பரந்தனில இருந்து முல்லைத்தீவு வரைக்கும் சைக்கிளில் போவம் என்று நாங்கள் ஐந்து பேர் திட்டம் போட்டோம். ஏ-35 வீதி, ஐம்பது கிலோமீற்றர் சொச்சம், மேடு பள்ளம் பெரிதாக இல்லை. இரவுத் தங்கல் உடையார்கட்டில், எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மா வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் அம்மம்மா சிரித்தா. "சைக்கிளிலயோ லீவு? அதில இருந்து எப்ப இறங்குவம் எண்டுதானே நாங்கள் இருந்தனாங்கள்."

அந்தச் சிரிப்பு சும்மா வந்ததில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. 2002 வரைக்கும் வன்னியில் சைக்கிள்தான் பஸ், லொறி, சில நேரம் அம்புலன்ஸும். நெல்மூட்டை, விறகு, தண்ணிக்கான் எல்லாம் கரியலில் ஏறின. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவில் கிளாலிக் கடலில் ஓடின வள்ளங்களிலும் ஆட்களோடு சைக்கிள் ஏறியது. வானொலி கேட்கக்கூட சைக்கிள்தான்: தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் வரும் கரண்டில் செய்தி கேட்டார்கள். செய்தி முடியுமட்டும் ஒராள் சுத்திக்கொண்டே இருக்கவேணும். சூழலைக் கெடுக்காத பயணம் என்று இன்றைக்குப் புகழப்படுகிற எல்லாத்தையும் எங்கட ஆக்கள் வேற வழியில்லாமல் செய்து முடித்துவிட்டார்கள். அதை அழகாக்கிப் பேச எங்களுக்கு மனமில்லை.

ஆனால் சைக்கிள் சுற்றுலாவுக்கும் ஒரு பழைய வரலாறு இருக்கு. இங்கிலாந்தில் ரயில் வந்த பிறகு பழைய வண்டிப்பாதைகளில் இருந்த சத்திரங்கள் படுத்துவிட்டன. 1878 இல் அங்கே சைக்கிள் பயணிகள் ஒரு சங்கம் தொடங்கி, வழியிலுள்ள விடுதிகளோடு அங்கத்தவர்களுக்கு நிலையான விலை பேசி ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்புக்கொண்ட விடுதிச் சுவரில் சிறகு முளைத்த சில்லுச் சின்னம் தொங்கும். மிதித்து வாறவனுக்குப் பசிக்கும், தண்ணி விடாய்க்கும், ரியூப் ஓட்டையாகும். அவன் நிற்கத்தான் வேணும். நிற்கிற இடத்தில்தான் காசு விழும்.

எங்கட வீதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் இருந்த நிலக்கீழ் வீட்டைப் பார்த்தார்கள். 2013 இல் அதை ஆமி தகர்க்கும் வரைக்கும் அந்தக் கூட்டம் இருந்தது. ஏ-9 வீதியோரம் ஆமி நடத்தின தேத்தண்ணிக்கடைகள். 2012 இல் நந்திக்கடல் ஓரத்தில் ஆமியின்ர விடுதியொன்று. உடையார்கட்டுச் சந்தியில் வெதுப்பகமோ மரக்கறிக்கடையோ வைத்திருந்த ஒருவருக்கு அந்த பஸ்களால் கிடைத்தது புழுதி. பொறுப்பான சுற்றுலா பற்றி கேப்டவுனில் 2002 இல் ஒரு பிரகடனம் செய்தார்கள். ஊர்ச்சனத்துக்கு வருமானம் கூடவேணும், அவர்களைப் பாதிக்கிற முடிவுகளில் அவர்களுக்கும் பங்கு இருக்கவேணும் என்பது அதன் சாரம். இங்கே இரண்டுமே நடக்கேல்லை.

காசைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கு. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் அடக்கம். பாதுகாப்பு என்று சொல்லித்தான் சனம் வந்தது, பலர் சைக்கிளில் சட்டிபானை கட்டிக்கொண்டு. இங்கே இயங்கின தற்காலிக ஆஸ்பத்திரியிலும் ஷெல் விழுந்தது. இந்த வீதியில் மணியடித்துக்கொண்டு, குளத்தடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு நாங்கள் எப்படிப் போறது? எங்களுக்குள் இதில் சண்டையே வந்தது. ஒருத்தன் போகவே வேண்டாம் என்றான். மற்றவள் கேட்டாள்: "அப்ப அங்க இருக்கிற சனம் மட்டும் அதுக்க கிடக்கட்டுமோ?" அவள் அந்த ஊர்ப்பிள்ளை.

கடைசியில் போறது என்றுதான் முடிவு. சாப்பாடும் தங்கலும் ஊர் வீடுகளில், காசு கையில் கொடுத்து. போத்தல் தண்ணி வேண்டாம், கிணறு இருக்கு. எங்கே நிற்கலாம் என்று அம்மம்மாவிடமே கேட்டோம். குளக்கட்டு, கோயிலடி, தயிர் விற்கிற வீடு என்று சொல்லிக்கொண்டு போனா. ஆஸ்பத்திரி இருந்த இடத்தைப் பற்றி அவ ஒன்றும் சொல்லேல்லை. கேட்கிறதா விடுறதா என்று இன்னும் நாங்கள் முடிவெடுக்கேல்லை.